ஈயக்கட்டிக்கு ஏன் முதல் பொட்டு

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, போன ஆயுதபூஜைக்கு என்னையும் ஞாபகம் வைத்துக் கூப்பிட்டீர்கள். சுண்டல் பிரமாதம். ஆனால் சூடம் காட்டும்போது உங்களில் ஒரு பெண் பக்கத்தில் நின்ற பையனிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. எனக்கு முழங்கால்தான் போச்சு, காது போகவில்லை. "இம்புட்டு மிஷினு இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு. கதவுக்கு முட்டுக்கொடுக்கிற ஈயக்கட்டிக்கு எதுக்குடா மொதப் பொட்டு?" என்று கேட்டாள். அவன், "அது எப்பவும் அப்பிடித்தான்" என்றான். ஆராய்ச்சி செய்ய வந்த பையன் வாயிலிருந்து "எப்பவும் அப்படித்தான்" என்று வந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அன்றைக்கே உட்கார்த்திச் சொல்லியிருப்பேன், சுண்டல் ஆறிவிடுமே என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

கருவியின் மின்சுற்று, கணக்கு, வாய்பாடு எதையும் இதில் தேடாதீர்கள். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் அது உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் பாடு. உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படிக்கக்கூடும் என்பதால் நாலு வரி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நம் தலைக்கு மேலே, விமானமெல்லாம் எட்டாத உயரத்தில், வெயில் பட்டுக் காற்று உடைந்து கிடக்கிறது. எலக்ட்ரான் தனி, அயனி தனி. அதைத்தான் பிளாஸ்மா என்கிறோம். பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால், பகல் வேளையில் அந்த உயரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடும். பலூன் அதுவரை ஏறாது, செயற்கைக்கோள் அதுவரை இறங்கினால் பிழைக்காது. இடையில் விறுவிறுவென்று ஏறி, பார்த்ததைச் சொல்லிவிட்டுக் கடலில் விழுவதற்கென்றே சின்ன ராக்கெட்டுகள் உண்டு. அதன் மூக்கு நுனியில் எலுமிச்சம்பழ அளவில் தங்கமுலாம் பூசிய ஓர் உருண்டையை மாட்டுவோம். அதற்கு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் சுற்றியிருக்கும் எலக்ட்ரான்கள் வந்து ஒட்டும். அப்படி உருண்டையில் வரும் மின்னோட்டம், அழுத்தம் ஏறும்போது ஒரு கோடு வரையும். இறங்கும்போது அதே கோட்டின் மேலேயே திரும்பி வர வேண்டும். உருண்டையில் அழுக்கு இருந்தால் போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று என்று இரண்டு கோடு விழும். அப்புறம் அதை வைத்துக்கொண்டு வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. அழுக்கு என்றால் சேறும் சகதியும் இல்லை, ஒரு விரல்ரேகையே போதும்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் அந்த உருண்டையைச் செய்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருவர் எங்கள் சார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் கனவில் வந்து திட்டுவார். குட்டையான மனிதர், பெரிய மூளை, அதைவிடப் பெரிய மூக்குப்பொடி டப்பா. பொடித் தூள் உருண்டையில் பட்டுவிடும் என்று ஆய்வகத்துக்குள் பொடி போடக்கூடாதென்று அவரே அவருக்குச் சட்டம் போட்டிருந்தார். அதனால் மணிக்கொரு தரம் திருப்பரங்குன்றம் சாலை வரை நடந்துபோய்ப் பொடி போட்டு, தும்மிவிட்டு, கைகழுவி வருவார். அதில் ஒரு தந்திரமும் இருந்தது. ஒரு முடிவை நான் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டால், சொல்லிவைத்த மாதிரி அந்த நேரத்தில்தான் அவருக்கு மூக்கு அரிக்கும். திரும்பி வரும்போது நான் எதையாவது முடிவு செய்திருப்பேன். அது தப்பாக இருந்தால் மறுபடியும் பொடி போடப் போவார்.

இன்னொருத்தி நான். மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பௌதிகம் படித்து, வில்லாபுரத்தில் சித்தி வீட்டில் தங்கி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வந்தவள். தற்காலிக வேலை. அந்தக் கருவி ராக்கெட்டில் ஏறினால் திட்டம் நீளும், என் வேலையும் நீளும். ஏறாவிட்டால் ஆய்வகத்துக்குப் பூட்டு. அந்த அறை கல்லூரியின் பழைய சைக்கிள் கொட்டகை. அதைப் பூட்டினால் மறுநாளே சைக்கிள்கள் திரும்பி வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஈயக்கட்டிக்கு வருகிறேன். கருவியின் பெட்டி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க முதன்முதலில் கேரளக் கடற்கரை ஏவுதளத்துக்குப் போயிருந்தோம். அங்கே எங்களுக்கு வாய்த்த பொறியாளர் நாகர்கோவில்காரர். சிரித்தால் அபராதம் என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்த மாதிரி இருப்பார். அவர் மேசைக்குக் கீழே ஈயக்கட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மேல் சாக்பீஸால் ‘மதுரை’ என்று எழுதியிருந்தது.

"இது எங்களுக்கா சார்?" என்று கேட்டேன். ஏதோ பரிசு கொடுக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

"உங்களுக்குப் பதிலா," என்றார். "உங்க பெட்டி சொன்ன நாளுக்கு வரல்ல, இல்லேன்னா சோதனையில தேறல்லன்னு வையுங்க, இது போவும். ராக்கெட்டுக்கு வேண்டியது எடை. இது இன்னைவரைக்கும் லேட்டா வந்ததில்ல. ஒரு கேள்வி கேட்டதில்ல."

அடேயப்பா, எனக்கு வந்த ஆத்திரம்! காலேஜில் என்னோடு போட்டி போட்ட பையன்கள்மேல் எல்லாம் எனக்குப் பொறாமை வந்ததே கிடையாது. ஓர் ஈயக்கட்டிமேல் வந்தது. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். சார் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் நடித்தார். அந்த நாகர்கோவில்காரருக்கு அன்றே ‘ஈயக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டேன்.

உருண்டைக்குத் தங்கமுலாம் பூச தெற்காவணி மூல வீதியில் ஒரு பத்தரிடம் போனேன். அவர் பித்தளை உருண்டையை உருட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்கும்மா?" என்றார்.

"கோயிலுக்கு இல்ல. ராக்கெட்டு மூக்குல மாட்ட."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மூக்குத்தியா? அது சரி. பொண்ண அனுப்பிவச்சா அப்பிடித்தான் செய்வாக," என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். முதல் உருண்டையில் முலாம் அங்கங்கே கொப்புளித்துவிட்டது. இரண்டாவது அருமையாக அமைந்தது. வீணாய்ப்போன முதல் உருண்டையைத் தூக்கிப் போட எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை, தங்கமாச்சே. சார் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க அதை வைத்துக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

நல்ல உருண்டையைக் கழுவி, சூடாக்கி, மறுபடி கழுவி, கையுறை போட்டுக்கொண்டு மூடிபோட்ட எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள் வைத்தோம். அப்புறம் ஒரு ஈ, எறும்பு கிட்டே வரவில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, கருவியை வழியனுப்பத் தாளாளர் வரும்வரை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியின் தாளாளர் மேலூர்ப் பக்கத்து அரிசி ஆலைக்காரர். சைக்கிள் கொட்டகையை எங்களுக்குக் கொடுத்தவர் அவர். போக ஜீப் கொடுத்தவரும் அவரே. கருவி எதற்கு என்று அவருக்குச் சார் இரண்டு முறை விளக்கியிருந்தார். "புரியல வாத்தியாரே, ஆனா நல்லாருக்கு," என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று காலை பத்துப் பதினைந்து பேர், ஒரு நாயனம், ஒரு மேளம், மாலை, எலுமிச்சம்பழம் சகிதம் வந்து இறங்கினார். கையில் வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து ரெடியாக இருந்தது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? புது டிராக்டர் என்றாலும் பொட்டு, கிணற்று மோட்டார் என்றாலும் பொட்டு, அச்சகத்து மிஷின் என்றாலும் பொட்டு. பொட்டு வைக்காமல் வாசலைத் தாண்டிய ஒரு சாமான் மதுரை ஜில்லாவிலேயே கிடையாது.

சார் மெதுவாக ஆரம்பித்தார். "ஐயா, பெட்டிக்கு வைங்க. அந்த உருண்டைக்கு மட்டும் வேண்டாம். தங்கப்பூச்சுல எண்ணெய் இறங்கிட்டா..."

"என்ன வாத்தியாரே, மொகத்த விட்டுட்டு முதுகுக்கா பொட்டு வைப்பாக? நல்ல காரியத்துக்குப் போறதை மூளியாவா அனுப்பச் சொல்றீக?" என்றார் தாளாளர். கூட வந்தவர்கள் எல்லாரும் "அதானே!" என்றார்கள். நாயனக்காரர்கூட வாயிலிருந்து நாயனத்தை எடுத்துவிட்டு "அதானே!" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். பிறகு மூக்கைத் தடவிக்கொண்டே சாலைப் பக்கம் நடந்துவிட்டார்.

சந்தனத்து எண்ணெய் அந்த முலாமில் இறங்கினால் துடைத்து எடுக்க முடியாது. மறுபடி கழுவிச் சூடாக்க நாள் இல்லை. ஏவுதளத்தில் ஈயக்காரர் பூதக்கண்ணாடி வைத்து உருண்டையைப் பார்ப்பார், ஒரு கறை இருந்தாலும் குனிந்து மேசைக்குக் கீழே கையை விடுவார். அந்தக் கை என் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது. தாளாளரைத் தடுத்தால் ஜீப் போகாது, அதற்குப் பிறகு அறையும் இருக்காது. இதை நினைத்து முடிப்பதற்குள் என் கை சார் மேசைப் பக்கம் போய்விட்டது. காகிதத்தின் மேல் உட்கார்ந்திருந்த கொப்புள உருண்டையை ஒரு பட்டுத்துணியில் ஏந்திக்கொண்டு வந்து, பயபக்தியோடு நீட்டினேன்.

"மெதுவா வைங்கய்யா, கூச்சப்படும்," என்றேன்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, தள்ளி நின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் அப்பினார். நாயனம் வீறிட்டது. ஜீப்புக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பொட்டு உருண்டை பெட்டியோடு பின்னால் ஏறியது. நல்ல உருண்டை தூக்குச்சட்டிக்குள் என் மடியில் இருந்தது. "என்னத்தா அதுல? புளிச்சோறா?" என்று கேட்டார் தாளாளர். "ஆமாய்யா," என்றேன். கப்பலூர் தாண்டும்வரை சார் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் திடீரென்று தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு அது மெடல் வாங்கிய மாதிரி இருந்தது.

ஏவுதளத்தில் எல்லாச் சோதனையும் தேறியது. ஈயக்காரர் பூதக்கண்ணாடியால் உருண்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவரிடமிருந்து அது வருவதே பெரிய விஷயம். ஒரே ஒரு குறைதான். கடைசி வாரத்தில் சார் பெட்டியிலிருந்து ஒரு இரும்புத் தாங்கியைக் கழற்றியிருந்தார். அதனால் நாங்கள் சொன்ன எடையைவிடப் பெட்டி கொஞ்சம் குறைந்துவிட்டது. ஒரு பக்கம் இலேசாக இருந்தால் ராக்கெட் தள்ளாடும். "அது பரவாயில்ல, ஈயத்துண்டு வச்சு நிரப்பிரலாம்," என்று அவர் தராசை எடுத்துவரப் போனார்.

மறுநாள் நண்பகல் ராக்கெட் கிளம்ப வேண்டும். உருண்டையை மூக்கில் மாட்டியாயிற்று. மூடி போடும் வேலைதான் பாக்கி. அப்போது வாசலில் ஒரு வேன் சத்தம். எட்டிப் பார்த்தேன். தாளாளர்! வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, பின்னால் நாலைந்து ஆட்கள், ஓர் அண்டா நிறைய வடை. விருந்தினருக்கு அனுமதி வாங்கி, மதுரையிலிருந்து ராத்திரி பகலாக வந்திருந்தார். என்னைக் கண்டதும், "ஆத்தா, வந்துட்டேன்! நம்ம உருண்டைய மூக்குல மாட்டுனத பாக்க வேணாமா?" என்றார்.

எல்லாரும் உள்ளே வந்து, மூக்கு நுனியைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உருண்டை பளபளவென்று இருந்தது. தாளாளர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏத்தா, நான் வச்ச பொட்டு எங்க?"

சார் பக்கம் திரும்பினேன். சார் ஏற்கெனவே வாசலைத் தாண்டி, டப்பாவைத் திறந்துகொண்டு, கடலைப் பார்க்க நடந்துகொண்டிருந்தார். பாவி மனுஷன்!

"அழிஞ்சு போச்சுபோல. வழியில தூசி பட்டுருக்கும். அதுக்கென்ன," என்று தாளாளர் மடியிலிருந்து சின்னச் செம்புச் சிமிழை எடுத்தார். மூடியைத் திறந்து ஆள்காட்டி விரலைக் குங்குமத்தில் தோய்த்தார். அந்தச் சிவப்பு விரல் ராக்கெட் மூக்கை நோக்கிப் போனது. அதற்குப் பின்னால், தராசோடு திரும்பி வந்த ஈயக்காரர் அசையாமல் நின்றார். தராசின் ஒரு தட்டில் ‘மதுரை’ உட்கார்ந்திருந்தது. எங்கள் பெட்டியோடு ஒப்பிட்டு நிறுக்க எடுத்து வந்திருக்கிறார். ஆனால் என் கண்ணுக்கு அது இடத்தைப் பிடிக்கத் துண்டு போட வந்த மாதிரிதான் தெரிந்தது.

நான் தாளாளரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

பிள்ளைகளே, இது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குப் புரியாது. இருபத்துச் சொச்சம் வயதுப் பெண், தற்காலிக வேலைக்காரி, கல்லூரித் தாளாளர் கையை அவருடைய ஆட்கள் முன்னால் எட்டிப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவருடைய ஆள் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணே, மருவாதி இல்லாத எடத்துல நமக்கென்ன வேல? கெளம்புங்கண்ணே!"

தாளாளர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "என்னத்தா இது?" என்றார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது. அதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

இன்னொரு பொய் வாய்வரைக்கும் வந்தது. ‘பொட்டு உள்பக்கம் இருக்குய்யா’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தப்பித்திருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அந்த மனிதர் வடை அண்டாவோடு இம்புட்டுத் தூரம் வந்திருக்கிறார், என் சொந்த அப்பாகூட வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயா, நீங்க பொட்டு வச்சது வேற உருண்டை. முலாம் சரியில்லாம ஒதுக்கி வச்சது. நான்தான் மாத்திக் கொடுத்தேன். இது அன்னைக்கி என் மடியில இருந்துச்சு. புளிச்சோறு இல்லய்யா."

"அப்ப என்னைய ஏமாத்திருக்க."

"ஆமாய்யா."

"எதுக்கு?"

"ஐயா, களத்துல நெல்லு வாங்கப் போறீக. மூட்டைக்குள்ள கைய விட்டுத்தான் ஈரமா காஞ்சதான்னு பாப்பீக? கைய நனைச்சுக்கிட்டு உள்ள விட்டா என்ன தெரியும்?"

"ஒரு எழவும் தெரியாது. எந்த நெல்லும் ஈரமாத்தான் தெரியும்."

"இந்த உருண்டைதான்ய்யா எங்க கை. மேல போய் வானத்துக்குள்ள விட்டுப் பாக்கப்போறோம். குங்குமம் பட்டுச்சுன்னா ஈரக்கை."

அவர் குங்குமம் தோய்ந்த தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். வாத்தியார் இரண்டு முறை விளக்கியும் புரியாதது அவருக்கு அப்போது புரிந்துவிட்டது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. நான் அவர் கையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சட்டென்று விட்டேன்.

"அன்னைக்கே இப்பிடிச் சொல்லித் தொலைச்சிருக்கலாமுல்ல?" என்றார்.

"நாயனச் சத்தத்துல தோணலய்யா."

ஆட்களில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தாளாளர் சிரிக்கவில்லை. "அந்தப் பொட்டு வச்ச உருண்டைய என்ன பண்ணீக? குப்பையில போட்டாச்சா?" என்றார். கோபம் போய், குரலில் ஏதோ நோவு இருந்தது.

"ஐயோ, இல்லய்யா! பத்திரமா இருக்கு."

ஓடிப்போய் ஜீப்பிலிருந்து எடுத்து வந்தேன். பட்டுத்துணிக்குள் சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் அப்படியே இருந்தது. அதை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்த பிள்ளையை மண்டபத்து வாசலிலேயே நிறுத்திவைத்த மாதிரி அதைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அந்தக் கலங்கிய கண்ணோடு திரும்பினால் எதிரே தராசு.

"சார், எடை எம்புட்டுக் குறையுதுன்னு சொன்னீங்க?" என்று ஈயக்காரரைக் கேட்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் வாயில் அப்போது வடை இருந்தது. தாளாளருடைய ஆட்கள் சண்டை வந்தாலும் பந்தியை நிறுத்துகிறவர்கள் இல்லை. எல்லார் கையிலும் ஆளுக்கு ரெண்டு வடை திணித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அவர் மென்று விழுங்குவதற்குள் நான் மளமளவென்று சொல்லி முடித்துவிட்டேன். "எடைக்கு ஈயம் வைக்கத்தான் போறீங்க. ஈயத்துக்குப் பதிலா பித்தளை. ராக்கெட்டுக்கு வேண்டியது எடைதானே? நீங்க சொன்னதுதானே?"

"அதுல இருக்க குங்குமம் உதிர்ந்து மேலே உங்க நல்ல உருண்டையிலயே போய் ஒட்டினா?" என்றார். நல்ல கேள்வி. உங்களில் யாராவது அந்த இடத்தில் அதைக் கேட்காமல் விட்டிருந்தால் நான் இன்றைக்கும் மன்னிக்க மாட்டேன்.

"உதிராது. சின்ன அலுமினியப் பெட்டிக்குள்ள வச்சு, ரெண்டு குழாய் கலந்து ஒட்டுற பசைய ஊத்தி மூடிருவோம். நாளைக்குக் காலையில கல்லாயிரும். அப்புறம் நீங்களே ஆட்டிப் பாருங்க. ஒரு தூள் உதிர்ந்தாலும் எடுத்துப் போட்டுட்டு ஈயத்தை வைங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்."

ஈயக்காரர் தாளாளரைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார், கையிலிருந்த இரண்டாவது வடையைப் பார்த்தார். தராசை என் பக்கம் தள்ளினார். மறு தட்டில் எங்கள் பெட்டியோடு உருண்டையை வைத்தபோது அந்தத் தட்டு கொஞ்சம் மேலேயே நின்றது. அவரே ஓர் ஈயத்துண்டைச் சீவி அதோடு சேர்த்து வைத்து முள்ளை நேராக்கினார். அந்த வேலை முழுக்க அவர் சிரிக்கவில்லை. ஆனால் பசை ஊற்றுமுன், "பொட்டு மேல்பக்கமா இருக்கட்டும், என்னா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவரை ஈயக்காரர் என்று முதுகுக்குப் பின்னால்கூடக் கொஞ்சம் மரியாதையோடுதான் சொன்னேன்.

சார் திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டார். "கையைப் பிடிச்சியா? கையையா?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் பொடி போடாமலே தும்மினார்.

மறுநாள் காலையில் அந்த அலுமினியப் பெட்டியை ஈயக்காரர் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார், தட்டினார், கவிழ்த்தார். ஒன்றும் உதிரவில்லை. நண்பகலில் ராக்கெட் போன சத்தத்தில் தாளாளர் துண்டு தோளிலிருந்து நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் வெளியே போய்ப் பார்க்கவில்லை. உள்ளே, தாளில் பேனா வரையும் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் பேனா சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் மெல்ல ஒரு கோடு ஏறியது. திரும்பி இறங்கியது. ஏறிய வழியிலேயே இறங்கியது! மறுபடி ஏறியது, அதே வழியில் இறங்கியது. சார் என் தலைக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டே, "சுத்தம். சுத்தம். சுத்தம்," என்று ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் சொன்னார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள், தாளில் ஒரு சொட்டு விழுந்ததற்குச் சார் திட்டியது ஞாபகம் இருக்கிறது.

தாளாளர் உள்ளே வந்து அந்தத் தாளைத் தூரத்திலேயே நின்று பார்த்தார். தொடக்கூடாது என்று யாரும் சொல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். "இதுல எது என் பொட்டு பண்ண வேல?" என்றார்.

"ராக்கெட்டு ஒரு பக்கமா சாயாமப் போச்சுல்லய்யா? அது உங்க பொட்டு," என்றேன். இது பொய் இல்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஈயக்காரரே பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார்.

நாங்கள் மூட்டை கட்டும்போது ஈயக்காரர் அந்தக் கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ‘மதுரை’ என்ற சாக்பீஸ் எழுத்து பாதி அழிந்திருந்தது. "அடுத்த வாட்டி உங்க பெட்டி எடை வேறயா இருக்கும். இது எனக்கு உதவாது. கொண்டு போங்க," என்றார். எனக்கு அதை எட்டி உதைக்கத்தான் கை கால் பரபரத்தது. தாளாளர்தான், "இதென்ன?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நாங்கள் ஏறாமல் போயிருந்தால் எங்கள் இடத்தில் ஏறியிருக்கும் கட்டி அது என்று சார் விளக்கினார்.

தாளாளர் அதை ஜீப்பின் முன்பக்கத்தில் உட்காரவைத்தார். மடியிலிருந்து சிமிழை எடுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏத்தா, இதுல வச்சா ஒண்ணும் கெட்டுப்போகாதுல்ல?" என்றார்.

"போகாதுய்யா."

"அப்ப நகரு." சந்தனத்தை அப்பி, குங்குமத்தை அழுத்தி வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். "பாவம், கெளம்பி ரெடியா வந்து உக்காந்துருந்துச்சு. கடைசி நிமிசத்துல பொண்ணு தட்டிப்போன மாப்ளகணக்கா முழிக்குது. யாரும் கண்டுக்கலேன்னா மனசு விட்டுப்போகும். இது நம்ம கொட்டகையில இருக்கட்டும். இனி வருசா வருசம் மொதப் பொட்டு இதுக்குத்தான், சொல்லிப்புட்டேன்."

அந்தக் கட்டிதான் இன்றைக்கு உங்கள் கதவுக்கு முட்டு. காலில் இடித்தால் திட்டாதீர்கள். உங்கள் கருவி சொன்ன நாளுக்குத் தயாராகவில்லை என்றால் அந்த இடத்தில் ஏற அது இன்னும் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் வருஷா வருஷம் ஒரு பொட்டு வைத்து, கொஞ்சம் பொறு என்று சொல்லி வைத்திருக்கிறோம்.